படுக்கையறைச் சுவரில் ஈரம்: குளியலறையை முழுக்க உடைக்கத்தான் வேண்டுமா?

நனைந்தசுவர் (செவ்வாய், இரவு 10.40)

வணக்கம். மூன்று வாரமாக ஒரு சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரே சுவர். படுக்கையறைப் பக்கம், முழங்கால் உயரத்தில், முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரத் திட்டு தெரிந்தது. கட்டிலுக்குப் பின்னால் இருந்ததால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது தலையணை அளவுக்குப் பரவிவிட்டது. பெயின்ட் கொப்புளித்து நிற்கிறது, தொட்டால் வெள்ளை மாவு மாதிரி உதிர்கிறது. அறைக்குள் நுழைந்தாலே ஓத வாடை.

இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் குளியலறை ஓடு மொத்தத்தையும் பெயர்த்துக் குழாய்களை மாற்ற வேண்டும் என்றார். இன்னொருவர் படுக்கையறைப் பக்கம் நீர்புகாப் பூச்சு அடித்தால் போதும் என்றார். இருவருமே சுவரை இரண்டு தட்டு தட்டிப் பார்த்ததோடு சரி.

நானாகத் தண்ணீர் மீட்டரை வைத்து ஒரு சோதனை செய்தேன். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். மீட்டர் அசையவே இல்லை. அப்படியானால் குழாயில் கசிவு இல்லை என்றுதானே பொருள்? பிறகு இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது?

உடைத்துப்பார் (செவ்வாய், இரவு 11.05)

உடைத்துவிடுங்கள் நண்பரே. சுவருக்குள் இருப்பது உடைத்தால்தான் தெரியும். நானும் ஒரு வருடம் ஆராய்ச்சி செய்தவன்தான். கடைசியில் உடைத்தேன்.

பழையதிருப்புளி (செவ்வாய், இரவு 11.20)

உடைத்த இடத்தில் கசிவு இருந்ததா?

உடைத்துப்பார் (செவ்வாய், இரவு 11.22)

இல்லை. எதிர்ச் சுவரில் இருந்தது.

பழையதிருப்புளி (புதன், காலை 6.15)

நான் முப்பது வருடம் குழாய் வேலை பார்த்தவன். இப்போது மூட்டு வலியால் அடுத்தவர் வீட்டுக் குழாயைப் பற்றிப் பேசுவதோடு நிறுத்திக்கொண்டேன். சுத்தியலை எடுப்பதற்கு முன் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி, உங்கள் வீட்டுக்கு மொட்டை மாடியில் தொட்டி உண்டா? உண்டு என்றால் நீங்கள் செய்த மீட்டர் சோதனைக்கு மதிப்பில்லை. மீட்டருக்குத் தொட்டி வரைக்கும்தான் கண் தெரியும். தொட்டியில் இருக்கிற மிதவை வால்வு மூடியிருக்கும்வரை, வீட்டுக்குள் எத்தனை இடத்தில் ஒழுகினாலும் மீட்டர் சும்மா இருக்கும். சின்னக் கசிவு என்றால் தொட்டி மட்டம் கொஞ்சம் இறங்கிய பிறகுதான் மிதவை தணிந்து வால்வு திறக்கும். அதற்கு இரண்டு மணி நேரம் போதாது. தொட்டி இல்லாமல் நேரடி இணைப்பு என்றால் மட்டும் மீட்டர் சோதனை நல்ல சோதனை.

இரண்டாவது கேள்வி, ஈரம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறதா, ஏறி இறங்குகிறதா? வீட்டில் இரண்டு விதமான தண்ணீர் இருக்கிறது. ஒன்று குழாய்க்குள் அழுத்தத்தோடு இரவு பகலாக நிற்கும் தண்ணீர். அதில் ஓட்டை விழுந்தால் ஓய்வே கிடையாது. நீங்கள் ஒரு வாரம் வெளியூர் போய் வந்தாலும் சுவர் நனைந்துகொண்டேதான் இருக்கும். இன்னொன்று பயன்படுத்திய பிறகு வடிந்து போகும் தண்ணீர். அந்தக் கோளாறு குளித்தால்தான் தெரியும், குளிக்காவிட்டால் காயும். (இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகம் இருக்கிறது. அதை அப்புறம் சொல்கிறேன்.)

இன்றைக்கே ஒரு பென்சிலை எடுத்து ஈரத்தின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். பக்கத்தில் தேதி, நேரம் எழுதுங்கள். காலையும் மாலையும் புதுக் கோடு. நாலு நாளில் சுவரே உங்களுக்குப் பாதி சொல்லிவிடும்.

திட்டு முழங்கால் உயரத்தில் இருப்பதால் ஓட்டையும் முழங்கால் உயரத்தில்தான் என்று முடிவு கட்டாதீர்கள். குழாய் பதிக்கச் சுவரில் வெட்டிய காடி வழியாகத் தண்ணீர் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் இறங்கும். காரை எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே வெளியே வரும்.

மின்பொறி (புதன், காலை 7.50)

எல்லோரும் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறீர்கள். அந்தச் சுவரில் பிளக் பாயின்ட் இருக்கிறதா? முழங்கால் உயரம், கட்டில் பக்கம் என்றால் பெரும்பாலும் இருக்கும். இருந்தால் அந்த இணைப்புக்கான பிரேக்கரை இப்போதே இறக்குங்கள், மற்றதைப் பிறகு பேசலாம். மின் மீட்டர் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் கசிவுமின் காப்புச் சாதனம் (மின்சாரம் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிப்பது) இருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் 'டக்' என்று விழ வேண்டும். விழாவிட்டால் அது சுவரில் தொங்கும் அலங்காரம்.

இன்னொன்று, தரையில் தண்ணீர் நிற்கும்போது நனைந்த காலோடு போய்ப் பிரேக்கரைத் தொடாதீர்கள். காய்ந்த இடத்திலிருந்து எட்டவில்லை என்றால் மின்சாரத்தை வெளியிலிருந்து நிறுத்தக்கூடியவரைக் கூப்பிடுங்கள்.

நனைந்தசுவர் (புதன், இரவு 9.30)

ஐயா, தொட்டி இருக்கிறது. மீட்டரை நம்பி இரண்டு மணி நேரம் வெயிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது சிரிப்பு வருகிறது.

பிளக் பாயின்ட்டும் இருக்கிறது, ஈரத்துக்கு ஒரு சாண் தள்ளி. பிரேக்கரை இறக்கிவிட்டேன். நன்றி மின்பொறி, அது எனக்குத் தோன்றவே இல்லை.

பென்சில் கோடு போட்டாயிற்று. இன்று இரவு தொட்டிக்குள் ஒரு அளவுகோலை ஒட்டி, உள்ளே வரும் தண்ணீரை நிறுத்திவிட்டு மட்டத்தைக் குறித்து வைக்கப் போகிறேன். வட்டத் தொட்டி, குறுக்களவு 1 மீட்டர். மட்டம் இறங்கினால் எத்தனை லிட்டர் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

கணக்குப்புலி (புதன், இரவு 9.48)

குறுக்களவு 1 மீட்டர் என்றால் பரப்பு 0.785 சதுர மீட்டர். அதாவது 1 சென்டிமீட்டர் இறங்கினால் 7.85 லிட்டர், 1 மில்லிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 0.8 லிட்டர். தொட்டியின் நெளிவுகள், வளைவுகள் இல்லாத நேரான பகுதியில் அளந்துகொள்ளுங்கள்.

கண்ணுக்குத் தெரிகிற ஒழுகலாக இருந்தால் இன்னும் சுலபம். 10 நிமிடம் பாத்திரம் பிடியுங்கள். 100 மில்லி சேர்ந்தால் ஒரு நாளைக்கு 14.4 லிட்டர், மாதத்துக்கு 430 லிட்டருக்கு மேல். 'சும்மா சொட்டுதான்' என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

நனைந்தசுவர் (வியாழன், காலை 6.20)

இரவு 11 முதல் காலை 6 வரை யாரும் தண்ணீரைத் தொடவில்லை. மட்டம் 4 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. 3 லிட்டருக்கு மேல்! குழாய் ஓட்டைதான் போலிருக்கிறது. அந்த முதல் ஆளையே கூப்பிட்டு உடைக்கச் சொல்லிவிடவா?

உடைத்துப்பார் (வியாழன், காலை 6.25)

நான் அப்போதே சொன்னேன்.

மாடிவீட்டுக்காரி (வியாழன், காலை 7.10)

கொஞ்சம் பொறுங்கள். மூன்று லிட்டர் போயிருக்கிறது, சரி. அது சுவருக்குள்தான் போனது என்று யார் சொன்னது?

கழிப்பறை ஃபிளஷ் தொட்டியைப் பாருங்கள். அதன் அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பு கெட்டால் தண்ணீர் கோப்பைக்குள் மெல்லிய படலமாக இறங்கிக்கொண்டே இருக்கும். சத்தமும் வராது, கண்ணுக்கும் தெரியாது. ஃபிளஷ் தொட்டிக்குள் ஏதாவது சாயம் நாலு சொட்டு விடுங்கள். பேனா மைகூடப் போதும். அரை மணி நேரம் யாரும் அழுத்தக் கூடாது. கோப்பையில் நிறம் தெரிந்தால் திருடன் அங்கேதான்.

நான் இதைத் தெரிந்துகொள்வதற்கு முன் எங்கள் கீழ்வீட்டுக்காரரோடு இரண்டு மாதம் சண்டை. அவர் வீட்டுக் கூரையில் ஈரம், அதற்கு நான்தான் காரணம் என்றார். என் வீட்டில் தண்ணீர் வீணானது உண்மை, ஃபிளஷ் வழியாக. அவர் கூரையில் ஒழுகியதற்கு அவர்கள் பக்கத்து ஏசியின் வடிகுழாய் அடைத்துக்கொண்டதுதான் காரணம். இரண்டு கோளாறு ஒரே நேரத்தில் வந்தால் ஒன்றின் பழி இன்னொன்றின் மேல் விழும்.

நனைந்தசுவர் (வியாழன், இரவு 8.00)

அக்கா, கோப்பை முழுக்க நீலம்!

ரப்பர் அடைப்பைக் கழற்றினேன். அழுத்தினால் கையெல்லாம் கறுப்பு. புதிது மாட்டிவிட்டேன். இன்றிரவு மறுபடி தொட்டி அளவு.

நனைந்தசுவர் (வெள்ளி, காலை 6.10)

மட்டம் ஒரு முடி அளவுகூட இறங்கவில்லை. ஆனால் சுவர் அப்படியேதான் இருக்கிறது. சொல்லப்போனால் நேற்று மாலைக் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் வெளியே வந்திருக்கிறது.

பழையதிருப்புளி (வெள்ளி, காலை 6.40)

நல்ல செய்திதான். இரவு முழுக்க அழுத்தத்தில் நிற்கும் குழாய்கள் தப்பித்தன. ஒரு சந்தேகம் மட்டும்: தண்ணீர் சூடேற்றியின் உள்வால்வு இரவில் திறந்திருந்ததா? மூடியிருந்தால் சுடுநீர்க் குழாய் சோதனைக்குள் வரவே இல்லை.

நனைந்தசுவர் (வெள்ளி, காலை 6.55)

திறந்துதான் இருந்தது. மின்சுவிட்சை மட்டும்தான் அணைப்போம்.

பழையதிருப்புளி (வெள்ளி, காலை 7.00)

சரி, அப்படியே பென்சில் கோட்டைத் தொடருங்கள். ஞாயிறு வரைக்கும் சுத்தியல் வேண்டாம்.

துளைப்பான் (வெள்ளி, மதியம் 1.30)

காத்திருக்கும் நேரத்தில் என் கதையையும் கேளுங்கள். படம் மாட்ட ஆணித்துளை போடப் போய் நேராகத் தண்ணீர்க் குழாயில் இறக்கினேன். 'புஸ்' என்றது. பயத்தில் துளைப்பானை வெளியே இழுத்துவிட்டேன். அதுதான் பெரிய முட்டாள்தனம். உள்ளேயே விட்டிருந்தால் அதுவே ஆப்பு மாதிரி பாதி அடைத்திருக்கும். இழுத்ததும் எதிர்ச் சுவர்வரை பீறிட்டு அடித்தது. ஒரு கையால் ஓட்டையைப் பொத்திக்கொண்டு இன்னொரு கையால் தொலைபேசியில் மனைவியைக் கூப்பிட்டேன். அவர் அடுத்த அறையில்தான் இருந்தார்.

பிரதான வால்வு எங்கே என்று இருவருக்கும் தெரியாது. கண்டுபிடித்தோம், திருப்பினோம், அது அசையவில்லை. பல சுற்று திருகி மூடும் கேட் வால்வு, வீடு கட்டிய நாளிலிருந்து யாரும் தொடாதது. பலம் போட்டதும் கைப்பிடி தனியாகக் கழன்று வந்துவிட்டது.

பழையதிருப்புளி (வெள்ளி, மதியம் 2.15)

இந்தக் கைப்பிடிக் கதையை நான் எத்தனை வீட்டில் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. கேட் வால்வு சும்மாவே கிடந்தால் உப்பும் துருவும் பிடித்து இறுகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை முழுக்க மூடித் திறங்கள். முழுக்கத் திறந்த பிறகு கால் சுற்று பின்னால் வாங்கி விட்டுவிடுங்கள், அடுத்த முறை பிடித்துக்கொள்ளாது. ஏற்கெனவே இறுகியிருந்தால் முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். மாற்றும்போது கால் சுற்றில் மூடுகிற பந்து வால்வாகப் போட்டுவிடுங்கள்.

அவசரத்தில் ஓட்டையை அடைக்கப் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, இழுத்துச் சுற்றி, மேலே இரண்டு கவ்வி போட்டால் ஒரு ராத்திரி தாங்கும். ஆள் வரும்வரைக்கும்தான். அது நின்றுவிட்டதே என்று நாலு வருடம் விட்டு வைத்தவர்களும் உண்டு.

துளை போடும் முன் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். குழாய், சுவிட்ச், பிளக் இவற்றுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளைக்காதீர்கள். குழாயும் ஒயரும் பெரும்பாலும் அந்த நேர்கோட்டில்தான் போகும்.

மாடிவீட்டுக்காரி (வெள்ளி, மாலை 5.20)

வால்வு என்றதும் துணி துவைக்கும் இயந்திரம் நினைவுக்கு வருகிறது. அதன் உள்ளீட்டு ரப்பர் குழாய்க்குப் பின்னால் குழாய்த் திருகு எப்போதும் திறந்தேதான் இருக்கும், இல்லையா? ஒரு நாள் நாங்கள் வெளியே போயிருந்தபோது அந்த ரப்பர் வெடித்தது. திரும்பி வந்தபோது வாசற்படியில் செருப்பு மிதந்து வந்து வரவேற்றது. இப்போது துவைத்து முடித்ததும் திருகை மூடுகிறேன். ரப்பர் குழாயில் எங்காவது புடைப்போ வெடிப்போ தெரிந்தால் அன்றே மாற்றிவிடுகிறேன். தெரியாவிட்டாலும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதிது.

கைகழுவும் தொட்டிக்கு அடியில் இருக்கும் கம்பிப் பின்னல் போட்ட இணைப்புக் குழாயையும் பாருங்கள். பின்னல் பளபளவென்று இருந்தாலும் முனையில் துரு கிளம்பினால் உள்ளே ரப்பர் ஓய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கணக்குப்புலி (வெள்ளி, மாலை 6.00)

தண்ணீர் விஷயத்தில் நான் செய்த மகா காரியம்: கைகழுவும் தொட்டி அடைத்துக்கொண்டது. அடியில் வளைகுழாயைக் கழற்றி, வாளியில் அழுக்குத் தண்ணீரைப் பிடித்து, எழுந்து நின்று, அதே தொட்டியில் கொட்டினேன். அடியில் குழாய் இல்லை. மேற்கொண்டு விளக்கம் வேண்டாம்.

சாயக்காரர் (சனி, காலை 9.00)

நான் சுவர்ப் பூச்சு வேலை செய்பவன். நீர்புகாப் பூச்சு அடித்தால் போதும் என்று சொன்னவரைப் பற்றி ஒரு வார்த்தை. ஈரம் வரும் பக்கம் குளியலறை. பூச்சு அடிக்கச் சொன்னது படுக்கையறைப் பக்கம். தண்ணீர் உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கும்போது வெளிவாயை அடைத்தால் அது பக்கத்தில் வழி தேடும், இல்லாவிட்டால் பூச்சையே தள்ளிக்கொண்டு வரும். உதிர்கிறது என்றீர்களே, அந்த வெள்ளை மாவு உப்பு. செங்கல்லிலும் சிமென்டிலும் உள்ள உப்பைத் தண்ணீர் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. தண்ணீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. காய்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும்.

கசிவுதானா, அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறதா என்று சந்தேகம் இருந்தால் பிளாஸ்டிக் தாள் ஒன்றை நாலு பக்கமும் நாடாவால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் மேல்பக்கம் வியர்த்தால் காற்றின் ஈரம். அடிப்பக்கம் நனைந்தால் சுவருக்குள்ளிருந்து வருவது.

நனைந்தசுவர் (ஞாயிறு, இரவு 9.15)

தாளின் அடிப்பக்கம்தான் நனைந்திருக்கிறது.

பென்சில் கோட்டுக் கதை இப்படி. நாங்கள் நாலு பேரும் காலையில் குளிக்கிறோம். மத்தியானத்துக்கு மேல் திட்டு விரிகிறது, இரவில் உச்சம், மறுநாள் காலைக்குள் கொஞ்சம் சுருங்குகிறது. சனிக்கிழமை காலையிலேயே நாங்கள் யாரும் வீட்டில் இல்லை, குளிக்கவும் இல்லை. அன்று மட்டும் விரியவே இல்லை. பழையதிருப்புளி ஐயா சொன்ன இரண்டாவது ரகம். அப்படியானால் தரைதானே? ஓடு பெயர்த்துத் தரைக்கு நீர்புகாப் பூச்சு போட வேண்டியதுதானா?

பழையதிருப்புளி (ஞாயிறு, இரவு 9.40)

தரையை நேரடியாகவே கேட்டுவிடலாம். குளியலறை வடிகாலை நன்றாக அடைத்துவிட்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்துங்கள். வாசல் விளிம்பைத் தாண்டி அறைக்குள் வரக் கூடாது. ஓட்டில் பென்சிலால் மட்டம் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரம். அன்றைக்கு யாரும் அங்கே குளிக்கக் கூடாது. கீழே வேறு வீடு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு அவர்கள் கூரையையும் அடிக்கடி பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ஈரம் தட்டினால் உடனே வடித்துவிட வேண்டும்.

நனைந்தசுவர் (செவ்வாய், காலை 7.30)

24 மணி நேரம் நின்றது. மட்டம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இறங்கவில்லை. சுவரில் திட்டும் விரியவில்லை, சுருங்கித்தான் இருக்கிறது. குழாயும் இல்லை, தரையும் இல்லை. பேய் பிடித்த சுவரா இது?

உடைத்துப்பார் (செவ்வாய், காலை 7.45)

பேயாக இருந்தாலும் உடைத்தால் ஓடிவிடும்.

பழையதிருப்புளி (செவ்வாய், காலை 8.30)

இப்போது அந்த நடு ரகத்துக்கு வருவோம்.

ஷவர் திருகிலிருந்து மேலே ஷவர் தலைவரைக்கும் சுவருக்குள் ஒரு குழாய் ஏறுகிறது. திருகு மூடியிருக்கும்போது அதற்குள் அழுத்தமே இல்லை, ஏனென்றால் அதன் மேல்முனை திறந்த வாய். குளிக்கும்போது மட்டும்தான் அதற்கு உயிர் வரும். அதனால்தான் இரவில் தொட்டி மட்டத்தைப் பார்த்தாலும் அது அகப்படாது, தரையில் தண்ணீர் நிறுத்தினாலும் அகப்படாது. குளித்தால் மட்டும் சுவர் நனையும்.

அதே மாதிரி இன்னொரு சாத்தியம், ஷவர் தண்ணீர் சுவர் ஓட்டில் அடித்து, திருகைச் சுற்றியுள்ள இடைவெளியிலோ ஓடுகளுக்கு நடுவிலுள்ள பூச்சு விரிசலிலோ உள்ளே போவது. அதுவும் குளிக்கும்போது மட்டும்தான். இரண்டையும் பிரித்துப் பார்க்க இப்படிச் செய்யுங்கள்.

ஐந்து நாள் ஷவரைத் தொடாமல் வாளியில் பிடித்துக் குளியுங்கள். சுவர் நன்றாக வற்றட்டும். ஆறாவது நாள் ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, அது மாட்டியிருந்த ஷவர் கையின் (சுவரிலிருந்து வெளியே நீளும் குழாயின்) முனையில் ஒரு ரப்பர் குழாயை இறுக்கிக் கட்டி, அதன் மறுமுனையை நேராக வடிகாலுக்குள் விடுங்கள். திருகைத் திறந்து, மறுமுனையைப் பாதி அமுக்கி வையுங்கள். அப்போதுதான் உள்ளே ஷவர் தலை கொடுக்கிற மாதிரி எதிரழுத்தம் இருக்கும். அரை மணி நேரம் ஓடட்டும். சுவர் ஓட்டில் ஒரு சொட்டும் படக் கூடாது. அதற்குப் பிறகும் படுக்கையறைப் பக்கம் ஈரம் வந்தால் ஏறுகுழாய்தான். வராவிட்டால் ஓட்டு இடைவெளி, அதற்கு ஒரு குழல் சிலிகான் போதும்.

இவ்வளவு பொறுமை இல்லை என்றால் ஏறுகுழாயின் மேல்முனையை அடைத்து அழுத்த பம்பு வைத்துச் சோதிக்க ஆள் கூப்பிடலாம். பம்பிலுள்ள அழுத்த அளவியின் முள் இறங்கினால் ஓட்டை. சுவரைத் தட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவரைவிட அளவி கொண்டுவருபவரை நம்பலாம்.

மின்பொறி (செவ்வாய், காலை 9.05)

ஒரு கேள்வி. ஷவரில் சமீபத்தில் ஏதாவது கை வைத்தீர்களா?

நனைந்தசுவர் (செவ்வாய், காலை 9.20)

நாலு மாதத்துக்கு முன் புது ஷவர் தலை மாட்டினேன். அது அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மின்பொறி (செவ்வாய், காலை 9.21)

ஒன்றும் இல்லை. சும்மா கேட்டேன்.

துளைப்பான் (புதன், இரவு 10.00)

இவர் வாளியில் குளிக்கும் ஐந்து நாளுக்கு நடுவில் இன்னொரு வாக்குமூலம். மழைக்காலத்தில் கதவு நிலையில் உரசியது. மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கிறது என்பது புரியாமல் ஓரத்தை இழைப்புளியால் நன்றாகச் சீவிவிட்டேன். வெயில் காலத்தில் மரம் சுருங்கியதும் இடைவெளியில் விரல் நுழைகிறது. இப்போது உள்ளிருந்தே யார் வருகிறார்கள் என்று பார்க்க முடிகிறது என்பது ஒரு வசதி.

மாடிவீட்டுக்காரி (வியாழன், காலை 8.10)

எங்கள் பொய்க்கூரை அட்டை ஒரு முறை வயிறு மாதிரி தொங்கியது. மேலே தண்ணீர் தேங்கியிருந்தது. 20 லிட்டர் தேங்கினாலே 20 கிலோ, மொத்தமாக விழுந்தால் ஆளைச் சாய்க்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அடியில் பெரிய வாளி வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று திருப்புளியால் ஒரு சின்ன ஓட்டை போட்டேன். மெதுவாக வடிந்தது. ஓட்டை போட மனசே வரவில்லை, போடாமல் விட்டிருந்தால் கூரையே வந்திருக்கும்.

சுத்தம் செய்யும் முன் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டது பின்னால் உதவியது. காப்பீடு கேட்பதற்கும் சரி, 'அப்படி ஒன்றும் ஒழுகவில்லையே' என்று மேல்வீட்டுக்காரர் சொல்லும்போது காட்டுவதற்கும் சரி. நனைந்த மெத்தை, துணி, பாய் எல்லாவற்றையும் ஒரே நாளில் காற்றாடக் கிளப்பிவிடுங்கள். ஒன்றிரண்டு நாள் தாண்டினால் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும்.

நனைந்தசுவர் (திங்கள், இரவு 9.50)

நடந்ததைச் சொல்கிறேன்.

ஐந்து நாள் வாளிக் குளியல். சுவர் வற்றிக்கொண்டே வந்தது, வெளிக்கோடுகள் எல்லாம் காய்ந்த பகுதிக்குள் வந்துவிட்டன. ஞாயிறு காலை ரப்பர் குழாய் கட்டி அரை மணி நேரம் ஓட விட்டேன். குளியலறைச் சுவரில் ஒரு சொட்டுப் படவில்லை. மத்தியானம் மூன்று மணிக்குப் படுக்கையறைப் பக்கம் பழைய இடத்திலேயே கறுத்தது. வீட்டில் எல்லோரும் கைதட்டினார்கள். ஈரத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட முதல் குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம்.

இன்று ஆள் வந்தார். ஷவர் கை சுவருக்குள் நுழையும் இடத்தில் இருந்த ஒரு ஓடு மட்டும் எடுக்கச் சொன்னேன். முதலில் தயங்கினார். 'ஈரம் கீழே இருக்கிறது, நீங்கள் மேலே காட்டுகிறீர்களே' என்றார். ஐயா சொன்ன காடிக் கதையைச் சொன்னேன். எடுத்தார். உள்ளே பிளாஸ்டிக் முழங்கை இணைப்பு. அதன் வாயில் நீளவாக்கில் மயிரிழை விரிசல். ஷவர் திறந்தால் அதிலிருந்து மெல்லிய கோடாகத் தண்ணீர் இறங்கி, காடி வழியாக நேராகக் கீழே போகிறது. தலை உயரத்துக்கு மேலே ஒழுகி, முழங்கால் உயரத்தில் வெளியே வந்திருக்கிறது.

மின்பொறி அவர்களே, இப்போது உங்களுக்குப் பதில். அந்த விரிசலை உண்டாக்கியவன் நான்தான். நாலு மாதத்துக்கு முன் புதுத் தலையைத் திருகும்போது ஷவர் கையும் சேர்ந்து சுழன்றது. ஒழுகக் கூடாது என்று கையின் திருகு மரைக்கு டெஃப்லான் டேப்பை இருபது சுற்றாவது சுற்றி, நீளமான குறடு போட்டு, 'கிறுக்' என்று சத்தம் வரும்வரை இறுக்கினேன். நன்றாக இறுகிவிட்டது என்று அந்தச் சத்தத்தில் எனக்குத் திருப்திகூட வந்தது.

பழையதிருப்புளி (திங்கள், இரவு 10.15)

மரை முனைக்குப் போகப் போக ஒடுங்கும், உள்ளே போகப் போக ஆப்பு மாதிரி விரிக்கும். அதன் மேல் இருபது சுற்று டேப் என்றால் ஆப்புக்கு ஆப்பு. உலோக இணைப்பு தாங்கும், வெறும் பிளாஸ்டிக் பிளந்துவிடும். மரையின் முனையைப் பார்த்தபடி வலஞ்சுழியாக, நாலைந்து சுற்று போதும். இடஞ்சுழியாகச் சுற்றினால் திருகும்போதே உரிந்து வந்துவிடும். முதலில் கையால் முடிந்தவரை, பிறகு குறட்டில் ஒன்று ஒன்றரைச் சுற்று. புது ஷவர் தலையில் துளைகள் நுண்ணியவையாக இருந்திருக்கும், அதனால் உள்ளே எதிரழுத்தமும் கூடியிருக்கிறது. இரண்டும் சேர்ந்துகொண்டன.

புது முழங்கை மாட்டும்போது மரைப் பகுதியில் பித்தளை பதித்ததாகக் கேளுங்கள். அந்த இடத்தை ஓடு வைத்து மூடும் முன் ஷவரைத் திறந்து அரை மணி நேரம் பாருங்கள். அவசரப்பட்டு அன்றைக்கே சிமென்ட் பூசிவிடுவார்கள், விடாதீர்கள்.

நனைந்தசுவர் (திங்கள், இரவு 10.30)

பித்தளை பதித்ததுதான் போட்டிருக்கிறோம். ஒரு மணி நேரம் ஓட விட்டுப் பார்த்தோம், காய்ந்த துணியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சொட்டு இல்லை.

சாயக்காரரே, இனி பெயின்ட் அடிக்கலாமா?

சாயக்காரர் (செவ்வாய், காலை 8.00)

கூடாது. உப்பிய காரையைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுவரைத் திறந்தபடியே விடுங்கள். தோராயமாகச் சுவரின் ஒவ்வொரு 25 மில்லிமீட்டர் கனத்துக்கும் ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. காற்றும் வெயிலும் இருந்தால் கொஞ்சம் குறையும். கட்டிலை நகர்த்தி வையுங்கள், விசிறி போடுங்கள். பிளாஸ்டிக் தாள் சோதனையில் அடிப்பக்கம் காய்ந்தே இருக்கும் நாளில் என்னைக் கூப்பிடுங்கள்.

மின்பொறி (செவ்வாய், காலை 8.40)

அதுவரைக்கும் அந்த பிளக் பாயின்ட்டின் பிரேக்கரும் இறங்கியே இருக்கட்டும். ஏற்றும் முன் பெட்டியைத் திறந்து உள்ளே துரு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மாடிவீட்டுக்காரி (செவ்வாய், காலை 10.10)

எடுத்த ஓட்டுக்குப் பதில் அதே மாதிரி ஓடு கிடைத்ததா? வீடு கட்டும்போது மீதி ஓட்டை யாருமே பத்திரப்படுத்துவதில்லை.

நனைந்தசுவர் (செவ்வாய், மதியம் 12.30)

கிடைக்கவில்லை அக்கா. இருப்பதிலேயே நெருங்கிய நிறத்தில் ஒன்று போட்டிருக்கிறோம். தள்ளி நின்று பார்த்தால் பொய்ப்பல் மாதிரி தெரிகிறது. பிள்ளைகள் அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள், 'அப்பா ஓடு'.

உடைத்துப்பார் (செவ்வாய், மதியம் 12.50)

மொத்தம் எத்தனை ஓடு எடுத்தீர்கள்?

நனைந்தசுவர் (செவ்வாய், மதியம் 12.52)

ஒன்று.

உடைத்துப்பார் (செவ்வாய், மதியம் 1.10)

என் வீட்டில் நூற்றி நாற்பது.